ஒரு புள்ளிவிவர அறிக்கையை அனுப்ப போர்ச்சுகல் ஏன் மறுத்தது?

நெய்தல் (கேள்வி)

மன்றத்தாருக்கு வணக்கம். காலனி ஆட்சிகள் முடிவுக்கு வந்த வரலாற்றைப் படித்து வருகையில் எழுந்த ஓர் ஐயத்தை இங்கே வைக்கிறேன்.

ஐ.நா. சாசனத்தின் 11ஆம் அத்தியாயம், தன்னாட்சி பெறாத ஆட்சிப்பகுதிகளை நிர்வகிக்கும் நாடுகளுக்குச் சில கடமைகளை விதிக்கிறது. அவற்றுள் 73ஆம் பிரிவின் கடைசி உட்பிரிவு, அப்பகுதிகளின் பொருளாதார, சமூக, கல்வி நிலைமைகள் பற்றிய புள்ளிவிவரங்களையும் தொழில்நுட்ப வகைத் தகவல்களையும் பொதுச்செயலாளருக்கு முறையாக அனுப்பிவர வேண்டும் என்கிறது. அதுவும் 'தகவலுக்காக' மட்டுமே. பாதுகாப்பும் அரசியலமைப்பும் கருதிச் சிலவற்றை விட்டுவிடவும் அதில் இடம் உண்டு. அரசியல் நிலைமையைப் பற்றி ஒரு வரிகூட எழுதத் தேவையில்லை. இதைவிட மென்மையான ஒரு கடமையைச் சட்டமாக எழுத முடியுமா என்பதே ஐயம்.

அப்படியிருக்க, 1955 டிசம்பர் 14 அன்று ஐ.நா.வில் உறுப்பினரான போர்ச்சுகல், 'உங்கள் நிர்வாகத்தில் அத்தகைய பகுதிகள் உள்ளனவா' என்று பொதுச்செயலாளர் 1956இல் கேட்டபோது, இல்லை என்று பதில் எழுதியது. அங்கோலா, மொசாம்பிக், கினி, கேப் வெர்டே, திமோர், மக்காவு, கோவா ஆகிய அனைத்தையும் கையில் வைத்துக்கொண்டு எழுதிய பதில் அது. பிறகு 1974 வரை ஏறத்தாழ உலகம் முழுவதையும் பகைத்துக்கொண்டு அந்தப் பதிலிலேயே நின்றது. அதைவிடப் பல மடங்கு பெரிய பேரரசை வைத்திருந்த பிரிட்டன், தொடக்கத்திலிருந்தே ஆண்டுதோறும் அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தது. பள்ளிகளின் எண்ணிக்கையையும் பருத்தி விளைச்சலையும் எழுதி அனுப்புவதில் போர்ச்சுகலுக்கு என்ன நட்டம்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

ஆவணப்பித்தன்

நல்ல கேள்வி, நெய்தல் அவர்களே. அறிக்கையில் என்ன எழுதப்படும் என்பதை வைத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. அறிக்கை அனுப்புகிறவர் யார் என்று பார்க்க வேண்டும். 73ஆம் பிரிவின்கீழ் ஒரு தாளை அனுப்பினாலே, 'இது என் நாட்டின் பகுதி அன்று. இன்னும் தன்னாட்சி பெறாத வேறொரு மக்களின் நிலம்' என்று கையொப்பமிட்டுக் கொடுத்ததாகிவிடும். லிஸ்பன் அரசு அஞ்சியது அந்தக் கையொப்பத்துக்குத்தான்.

சற்றுப் பின்னோக்கிப் போனால் இது தெளிவாகும். முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியிடமிருந்தும் உதுமானியரிடமிருந்தும் பறித்த நிலங்களுக்கு, ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகளின் கழகத்தின் உடன்படிக்கை, அதன் 22ஆம் பிரிவில், ஆண்டறிக்கைக் கடமையை விதித்திருந்தது. அதைப் படித்துக் கேள்வி கேட்க ஒரு நிரந்தர ஆணையமும் இருந்தது. ஆனால் வென்றவர்களின் சொந்தக் காலனிகளைப் பற்றிக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை. 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் உருவானபோதும் இந்த வேறுபாடு முழுவதும் மறையவில்லை. ஐ.நா.வின் மேற்பார்வையில் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பாட்சிப் பகுதிகளுக்கு ஆண்டறிக்கை, மனுக்கள், நேரில் சென்று பார்க்கும் குழுக்கள் என்ற முழு ஏற்பாடும் அமைந்தது. மற்றக் காலனிகள் அனைத்துக்கும் கிடைத்தது நீங்கள் குறிப்பிட்ட அந்த மெல்லிய உட்பிரிவு ஒன்றுதான். காலனி நாடுகள் அதற்கு ஒப்புக்கொண்டதற்குக் காரணமே அது மெல்லியதாக இருந்ததுதான்.

பிரிட்டனுக்கு இது பெரும் சுமையும் அன்று. அதன் காலனி அமைச்சகம் ஒவ்வொரு காலனியைப் பற்றியும் ஆண்டறிக்கை அச்சிடும் பழக்கத்தை நெடுங்காலமாகக் கொண்டிருந்தது. காலனிகள் ஒருநாள் தன்னாட்சி அடையும் என்பதை, காலத்தைக் குறிப்பிடாமலேனும், கொள்கையளவில் அது மறுக்கவும் இல்லை. ஆகவே 1946 டிசம்பர் 14 அன்று பொதுச்சபை ஏற்ற 66ஆம் தீர்மானத்தில், ஆஸ்திரேலியா, பெல்ஜியம், டென்மார்க், பிரான்ஸ், நெதர்லாந்து, நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய எட்டு நாடுகளின் 74 ஆட்சிப்பகுதிகள் பட்டியலிடப்பட்டன. இந்தப் பகுதிகளின் பெயர்களை அந்தந்த நாடுகளே தெரிவித்தன என்பதை மறக்கலாகாது. எது காலனி என்று முடிவு செய்யும் உரிமை இன்னும் காலனி வைத்திருப்பவரிடமே இருந்தது.

போர்ச்சுகல் இந்த இடைவெளியைத்தான் பயன்படுத்திக்கொண்டது. உறுப்பினராவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக, 1951இல், சர்வாதிகாரி சலாசாரின் அரசு அரசியலமைப்பைத் திருத்தியது. 1930இன் காலனிச் சட்டம் அரசியலமைப்புக்குள் இணைக்கப்பட்டது. காலனிகள் 'கடல்கடந்த மாகாணங்கள்' ஆயின. போர்ச்சுகலின் வடகோடி மின்யோவிலிருந்து திமோர் வரை ஒரே நாடு என்பது அதிகாரப்பூர்வக் கொள்கை. இதன்படி, அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவைப் பற்றி நியூயார்க்குக்கு அறிக்கை அனுப்பினால் அது சொந்த அரசியலமைப்பையே மீறுவதாகும் என்று வாதிட்டார்கள். அந்த உட்பிரிவில் 'அரசியலமைப்பு கருதி' என்ற விதிவிலக்கு இருந்ததும், சாசனத்தின் 2ஆம் பிரிவு உள்நாட்டு விவகாரங்களில் ஐ.நா. தலையிடக் கூடாது என்றதும் அவர்களுக்குக் கைகொடுத்தன. பொதுச்சபையில் இதைக் கேள்விக்குட்படுத்த முனைந்தபோது, அத்தகைய தீர்மானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும் என்ற தடை எழுப்பப்பட்டது; சில ஆண்டுகள் அது வேலையும் செய்தது.

1960இல் ஆப்பிரிக்காவிலிருந்து புதிய உறுப்பினர்கள் பெருந்தொகையாக வந்தபின் நிலைமை மாறியது. இந்தியா, மெக்சிகோ, மொராக்கோ, நெதர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் குழு ஒன்று வகுத்த பன்னிரண்டு கோட்பாடுகளைப் பொதுச்சபை டிசம்பர் 15 அன்று 1541ஆம் தீர்மானமாக ஏற்றது. நிர்வகிக்கும் நாட்டிலிருந்து புவியியல் முறையில் பிரிந்தும், இனத்தாலோ பண்பாட்டாலோ வேறுபட்டும் ஒரு பகுதி இருந்தால், அதைப் பற்றித் தகவல் அனுப்பும் கடமை முதல் நோக்கிலேயே உண்டு என்பது அதன் சாரம். அன்றே 1542ஆம் தீர்மானம் போர்ச்சுகலின் பகுதிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. தகோமி (இன்றைய பெனின்) நாட்டின் கரையில் இருந்த அஜூடா என்ற ஒரு கோட்டைகூட அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு கோட்டையின் கல்வி நிலைமையைப் பற்றி என்ன அறிக்கை எழுதியிருப்பார்களோ தெரியாது. அடுத்த ஆண்டே தகோமி அதைக் கைப்பற்றிக்கொண்டது.

கோட்டைமேடு

ஆவணப்பித்தன் அவர்கள் சட்டப் பக்கத்தை நன்றாகச் சொல்லிவிட்டார். ஆனால் அறிக்கையில் என்ன எழுதப்படும் என்பது பொருட்டன்று என்ற அவர் கூற்றோடு நான் முழுவதும் உடன்படவில்லை.

ஐ.நா. 1947இல் வகுத்துப் பின்னர் 1951இல் திருத்திய அறிக்கைப் படிவம் பள்ளிகளையும் பயிர்களையும் மட்டும் கேட்கவில்லை. தொழிலாளர் நிலைமையையும் கேட்டது. போர்ச்சுகலின் ஆப்பிரிக்காவில் அந்தப் பகுதியை உண்மையாக நிரப்பினால் என்ன வரும் என்பதை, அந்நாட்டின் காலனி ஆய்வாளரும் தேசிய சபை உறுப்பினருமான என்ரிக் கல்வாவ் 1947இலேயே எழுதிக் காட்டியிருந்தார். அங்கோலாவில் அரசே ஆள்பிடித்துத் தோட்டங்களுக்குக் கொடுக்கும் முறை பழைய அடிமை முறையைவிடக் கொடியது என்பது அவர் முடிவு. விலை கொடுத்து வாங்கிய அடிமை இறந்தால் உடைமையாளனுக்கு நட்டம். அரசு அனுப்பிய கூலியாள் இறந்தால் இன்னொருவனை அரசு அனுப்பும். அந்த அறிக்கை அமுக்கப்பட்டது. அவரும் பின்னர் சிறைக்குச் சென்றார்.

'ஒரே நாடு' என்ற வாதத்தின் உள்ளீடு எத்தகையது என்பதற்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே போதும். கினி, அங்கோலா, மொசாம்பிக் ஆகிய மூன்றிலும் வாழ்ந்த ஆப்பிரிக்கர்கள் அதன்படி 'சுதேசிகள்', குடிமக்கள் அல்லர். குடியுரிமை வேண்டுமென்றால் ஒருவர் விண்ணப்பிக்க வேண்டும். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். போர்ச்சுக்கீசியத்தைப் பிழையின்றிப் பேச வேண்டும். தம்மையும் குடும்பத்தையும் காப்பாற்றும் அளவுக்குத் தொழிலோ வருமானமோ காட்ட வேண்டும். ஒழுக்கமும் பழக்கவழக்கமும் போர்ச்சுகலின் சட்டங்களுக்குப் பொருந்துவன என்று மெய்ப்பிக்க வேண்டும். படைச்சேவைக்கு அழைத்தபோது தப்பியோடியிருக்கக் கூடாது. இவற்றையெல்லாம் கடந்து குடியுரிமை பெற்றவர்கள் மக்கள்தொகையில் ஒரு விழுக்காடுகூட இல்லை. மற்றவர்கள் அடையாளக் கையேட்டைச் சுமந்து திரிந்தார்கள். எழுத்தறிவில்லாதவர் பலர் இருந்த ஐரோப்பியப் போர்ச்சுகலின் சிற்றூர்களில் இதே தேர்வை வைத்திருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆக, நியூயார்க்கில் நிலம் பிரிக்க முடியாத ஒன்று என்று சொன்ன அரசு, லுவாண்டாவில் அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களைத் தன் மக்கள் அல்லர் என்று சட்டம் போட்டு வைத்திருந்தது. ஆண்டுதோறும் மக்கள்தொகை அட்டவணையை அனுப்பியிருந்தால் இந்த முரண்பாடு அதன் முதல் பத்தியிலேயே தெரிந்திருக்கும். 1961 செப்டம்பரில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில் அங்கோலாவின் கசான்ஜிப் பள்ளத்தாக்கில் கட்டாயப் பருத்திப் பயிருக்கு எதிராக உழவர்கள் எழுந்ததும், மார்ச்சில் வட அங்கோலா கிளர்ச்சியில் பற்றி எரிந்ததும் அந்த மனமாற்றத்துக்குக் காரணமல்ல என்று எவரும் சொல்ல முடியாது.

ஆவணப்பித்தன்

கோட்டைமேடு அவர்களே, நீங்கள் சொன்னவை எல்லாம் மெய். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புள்ளிவிவரங்களை வெளியிடுவதிலேயே லிஸ்பனுக்குத் தயக்கம் இருந்ததாகச் சொல்ல முடியாது. கடல்கடந்த பகுதிகளுக்கான புள்ளியியல் ஆண்டு நூல்களை அது அச்சிட்டுக்கொண்டுதான் இருந்தது. அதைவிட வியப்பானது, கட்டாய உழைப்பைப் பற்றி 1961இல் கானா பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பிடம் முறையிட்டபோது போர்ச்சுகல் நடந்துகொண்ட விதம். அந்த அமைப்பின் விசாரணை ஆணையத்தை அங்கோலாவுக்கும் மொசாம்பிக்குக்கும் நேரில் வரவே விட்டது. ஏனென்றால் அங்கே அது பதில் சொன்னது, ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட இறையாண்மை நாடு என்ற முறையில். 73ஆம் பிரிவின்கீழ் பதில் சொன்னால், பிறர் நிலத்தை வைத்திருக்கும் நாடு என்ற முறையில் சொல்ல வேண்டியிருக்கும். அதே தகவல்கள்தாம், எந்த முறையில் தருகிறோம் என்பதில்தான் வழக்கே இருந்தது.

சமநோக்கு

இந்த விவாதத்தில் போர்ச்சுகல் மட்டுமே குற்றவாளிக் கூண்டில் நிற்பது எனக்கு நெருடுகிறது. அதன் பிடிவாதத்தை ஆதரிக்க நான் வரவில்லை. ஆனால் இந்தக் கடமை எவ்வளவு வசதியாக வளைக்கப்பட்டது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

பெல்ஜியம் அன்று ஒரு வாதத்தை முன்வைத்தது. ஒரு நாட்டின் எல்லைக்குள்ளேயே, அந்நாட்டின் ஆளும் சமூகத்திலிருந்து வேறுபட்டுப் பின்தங்கி வாழும் பழங்குடி மக்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும் அறிக்கை வேண்டாமா என்று கேட்டது. காங்கோவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டதால் அதன் உள்நோக்கம் வெளிப்படைதான். லத்தீன் அமெரிக்காவும் ஆசியாவும் சேர்ந்து அதை எதிர்த்தன. நடுவில் கடல் இருந்தால்தான் காலனி என்ற நிலை ஏறத்தாழ உறுதியாயிற்று. ஆனால் கேட்டவரின் நோக்கம் கெட்டது என்பதற்காகக் கேள்வி கெட்டதாகிவிடுமா? சோவியத் ஆட்சியிலிருந்த மத்திய ஆசியாவைப் பற்றி எவரும் மாஸ்கோவிடம் அறிக்கை கேட்டதில்லை. அதே மாஸ்கோ, காலனிகளைப் பற்றி முழங்குவதில் முன்னணியில் நின்றது.

அறிக்கையை நிறுத்துவதும் எளிதாகவே இருந்தது. போர்ட்டோ ரிக்கோவைப் பற்றி இனி அனுப்ப மாட்டோம் என்று அமெரிக்கா சொன்னபோது, 1953இல் பொதுச்சபை 26க்கு 16 என்ற வாக்கில் இசைந்தது. 18 நாடுகள் ஒதுங்கி நின்றன. 1954இல் கிரீன்லாந்து, 1955இல் சூரினாம், 1959இல் அலாஸ்காவும் ஹவாயும் பட்டியலை விட்டுச் சென்றன. இவற்றில் சிலவற்றுக்காவது, தன் நாட்டோடு இணைத்துவிட்டோம் என்பதுதான் காரணம். போர்ச்சுகல் சொன்னதும் அதுதானே?

கோட்டைமேடு

சமநோக்கு அவர்களே, மத்திய ஆசியா பற்றிய உங்கள் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை; அது நியாயமான கேள்வி. ஆனால் ஹவாயையும் அங்கோலாவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஹவாய் மக்கள் 1959இல் வாக்களித்தார்கள். வாக்கெடுப்பில் தனிநாடு என்ற தெரிவே வைக்கப்படவில்லை என்ற குறை இன்றும் பேசப்படுவது உண்மை. அங்கோலா மக்களிடம் எவரும் எதையும் கேட்கவே இல்லை. 1541ஆம் தீர்மானம் இணைப்பை முற்றிலும் தடுக்கவும் இல்லை. தனிநாடாவது, சுதந்திரமாகச் சேர்ந்திருப்பது, சம உரிமையோடு இணைந்துவிடுவது என மூன்று வழிகளையும் அது ஏற்றது. கடைசி வழிக்கு மக்களின் அறிந்த, தன்விருப்பான தெரிவு வேண்டும் என்றது. பெரும்பாலோருக்குக் குடியுரிமையே இல்லாத இடத்தில் சம உரிமையோடு இணைந்தோம் என்பது எப்படிப் பொருந்தும்?

ஸ்பெயினையும் பாருங்கள். போர்ச்சுகலோடு அதே நாளில் உறுப்பினரானது. அதுவும் தன் ஆப்பிரிக்கப் பகுதிகளை மாகாணங்கள் என்று பெயர் மாற்றி வைத்திருந்தது. 1960இல் தகவல் அனுப்ப இசைந்துவிட்டது. பிரிட்டனின் பட்டியலில் ஸ்பெயின் உரிமை கோரும் ஜிப்ரால்டர் இருந்ததால், அதே அவையில் அதைப் பற்றிப் பேச ஸ்பெயினுக்கு நல்ல பெயர் தேவைப்பட்டிருக்கும் என்பது என் ஊகம்.

காரைக்கால் வாசகர்

நம் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு செய்தி. ஆவணப்பித்தன் ஐயா குறிப்பிட்ட 1946ஆம் ஆண்டுப் பட்டியலில், பிரான்சின் பெயருக்குக் கீழே 'இந்தியாவிலுள்ள பிரெஞ்சு நிலைகள்' என்ற வரியும் உண்டு. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம், சந்திரநாகூர் ஆகியவைதாம் அவை. அதாவது நம் காரைக்காலும் பன்னாட்டு அறிக்கைக் கடமைக்கு உட்பட்ட ஒரு நிலமாக இருந்தது. ஆனால் புதிய பிரெஞ்சு ஒன்றியத்தில் இவற்றின் நிலை மாறிவிட்டது என்று சொல்லி, பிரான்ஸ் மிக விரைவிலேயே அறிக்கையை நிறுத்திக்கொண்டது. மார்த்தினிக், ரெயூனியன், நியூ கலிடோனியா, தாகித்தித் தீவுகள் ஆகியவற்றுக்கும் அப்படியே. அன்று எவரும் பெரிதாகத் தட்டிக் கேட்கவில்லை. சந்திரநாகூர் 1949இல் வாக்களித்துப் பிரிந்தது. மற்ற நான்கும் இந்தியாவோடு இணைவது பற்றி 1954 அக்டோபரில் கீழூர் வாக்கெடுப்பும் நவம்பர் 1இல் ஆட்சி மாற்றமும் நடந்தன. இந்தப் பக்கம் பேச்சுவார்த்தையால் முடிந்தது, கோவாவில் ஏன் அப்படி முடியவில்லை என்பதற்கும், ஐ.நா.வில் போர்ச்சுகல் எடுத்த நிலைக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நெய்தல்

அனைவருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: இந்த மறுப்பினால் போர்ச்சுகல் ஏதாவது இழந்ததா? அல்லது தீர்மானங்கள் தாளிலேயே கிடந்தனவா?

ஆவணப்பித்தன்

காரைக்கால் வாசகர் சொன்ன தொடர்பு உண்டு. கோவாவைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டால் அது நாட்டின் பிரிக்க முடியாத பகுதி அன்று என்றாகிவிடும். பிறகு அங்கோலாவைப் பற்றி என்ன சொல்வது? எனவே எதைப் பற்றியும் பேச்சில்லை. 1961 டிசம்பர் 19 அன்று கோவாவில் போர்ச்சுக்கீசியப் படை இந்தியாவிடம் சரணடைந்தது. அதே நாளில் நியூயார்க்கில், தகவல் அனுப்ப மறுத்ததற்காகப் போர்ச்சுகலைக் கண்டித்து, அதன் பகுதிகளைப் பற்றிக் கிடைக்கும் தகவல்களை ஆராய ஏழு உறுப்பினர் குழு ஒன்றை அமைக்கும் 1699ஆம் தீர்மானம் நிறைவேறியது.

நெய்தல் அவர்கள் கேட்ட இழப்பு இங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. தகவல் அனுப்பிய நாடுகளின் அறிக்கைகளை ஆராய்ந்த பழைய குழுவில் அறிக்கை அனுப்புவோரும் மற்றவர்களும் சம எண்ணிக்கையில் அமர்ந்தார்கள். ஓராண்டு கல்வி, அடுத்த ஆண்டு பொருளாதாரம், அதற்கடுத்து சமூகம் என்று சுழற்சி முறையில் பேசினார்கள். தனியொரு பகுதியைப் பெயர் சொல்லிப் பரிந்துரை செய்ய அவர்களுக்கு அதிகாரம் இல்லை. பிரிட்டன் அந்த மெத்தென்ற ஏற்பாட்டுக்குள் பல ஆண்டுகள் பாதுகாப்பாக இருந்தது. போர்ச்சுகல் அதற்குள் வர மறுத்ததால், அதற்கென்றே தனிக்குழு வந்தது. நாட்டைவிட்டு வெளியேறிய விடுதலை இயக்கத்தினரின் வாய்மொழியே தகவலாக ஏற்கப்பட்டது. 1963 ஜூலையில் பாதுகாப்பு அவையே, கடல்கடந்த மாகாணம் என்ற உரிமைகோரல் சாசனத்துக்கு முரண் என்று 180ஆம் தீர்மானத்தில் சொல்லிவிட்டது. ஆயுத விற்பனையை நிறுத்தும்படியும் கேட்டது. ஆப்பிரிக்கக் காலனிகளில் விடுதலை இயக்கங்களோடு நடந்த போர் நிற்கவில்லை என்பது உண்மை. அதை நிறுத்தியது 1974 ஏப்ரல் 25இல் லிஸ்பனில் எழுந்த படையினர்தாம். அந்த ஜூலையில் புதிய அரசு காலனி மக்களின் தன்னுரிமையைச் சட்டமாக ஏற்றது.

அதன்பின் நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி. 1975 டிசம்பரில் இந்தோனேசியா கிழக்குத் திமோரைப் படையெடுத்துப் பிடித்தது. ஐ.நா. பட்டியலில் அதன் நிர்வாக நாடாகப் போர்ச்சுகலின் பெயர் அப்படியே இருந்தது. முன்பு 73ஆம் பிரிவு தன்னைக் கட்டாது என்ற அதே நாடு, இப்போது அந்தப் பிரிவின்கீழ் பொதுச்செயலாளருக்குக் கடிதம் எழுதியது: அங்குள்ள நிலைமையால் நிர்வாகத்தை நடத்த முடியவில்லை, ஆகவே தகவல் தர இயலவில்லை என்று. அந்தக் கடிதத்தில் ஒரு பள்ளியும் இல்லை, ஒரு பயிரும் இல்லை. ஆனால் திமோர் இந்தோனேசியாவின் மாகாணம் ஆகிவிடவில்லை என்பதற்கு அதுவே சான்றாக நின்றது. திமோர்க் கடலின் எண்ணெய் குறித்து இந்தோனேசியாவோடு ஒப்பந்தம் செய்த ஆஸ்திரேலியாவைப் போர்ச்சுகல் பன்னாட்டு நீதிமன்றத்துக்கு இழுத்ததும் நிர்வாக நாடு என்ற தகுதியில்தான். வழக்கில் இல்லாத இந்தோனேசியாவின் செயலைத் தீர்மானிக்க வேண்டியிருக்கும் என்பதால் 1995இல் நீதிமன்றம் தீர்ப்பளிக்க மறுத்தது. ஆனாலும் வழக்காடிய இரு நாடுகளுக்கும் அது இன்னும் தன்னாட்சி பெறாத பகுதியே என்பதைக் குறித்து வைத்தது. 1999 வாக்கெடுப்புக்குப் பின், 2002 மே 20 அன்று திமோர் தனிநாடாயிற்று.

இன்று பட்டியலில் 17 பகுதிகள் உள்ளன. தாகித்தியை உள்ளடக்கிய பிரெஞ்சுப் பாலினீசியாவைப் பொதுச்சபை 2013இல் மீண்டும் சேர்த்தது. பிரான்ஸ் அதைப் பற்றி அறிக்கை அனுப்பாததைப் பிந்திய தீர்மானங்கள் குறிப்பிட்டு வருந்துகின்றன. மேற்கு சகாராவைப் பற்றி அனுப்பவே எவரும் இல்லை. தன் பொறுப்பு முடிந்தது என்று ஸ்பெயின் 1976 பிப்ரவரியில் எழுதிவிட்டுப் போய்விட்டது, மொராக்கோவை நிர்வாக நாடாக ஐ.நா. பட்டியலிடவில்லை. அதைப் பற்றித் தனி இழை தொடங்கினால் நானும் எழுதுகிறேன்.